ஹங்கர் கேம்ஸை எந்தப் பிள்ளைக்கு, எப்போது கொடுக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் குடியிருப்பு மொட்டைமாடியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து புத்தகம் படிப்பது சில வருஷமாக என் வழக்கம். ஏழாவது படிப்பவரிலிருந்து பிளஸ் டூ வரை வருவார்கள். அங்கே அதிகம் கைமாறி, அட்டை பிய்ந்து, செல்லோடேப் ஒட்டி ஓடிக்கொண்டிருக்கும் புத்தகம் சூசன் காலின்ஸ் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்'. பெற்றோர் என்னை மாடிப்படியில் நிறுத்திக் கேட்பதில் பாதி இந்தப் புத்தகத்தைப் பற்றித்தான். பிள்ளைகளும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

கதை என்ன, சுருக்கமாகச் சொல்லுங்களேன்?

வட அமெரிக்கா அழிந்துபோன பிறகு அதே மண்ணில் பானெம் என்றொரு நாடு. கேப்பிட்டல் என்ற செழிப்பான தலைநகரம் ஒன்று, அதற்கு உழைத்துக் கொட்டும் மாவட்டங்கள் பன்னிரண்டு. முன்பொரு காலத்தில் மாவட்டங்கள் கலகம் செய்து தோற்றன. அதற்குத் தண்டனை இது: வருஷா வருஷம் ஒவ்வொரு மாவட்டமும் 12 முதல் 18 வயதுக்குள் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் குலுக்கல் போட்டு அனுப்ப வேண்டும். அந்த 24 பேரையும் ஒரு களத்தில் இறக்கி, ஒரே ஒருவர் மிஞ்சும்வரை விட்டுவிடுவார்கள். நாடு முழுக்க டிவியில் நேரலை. விருப்பமில்லை என்று யாரும் அணைத்துவிட முடியாது.

நாயகி காட்னிஸ் எவர்டீன், வயது 16. அப்பலாச்சிய மலைப்பக்கம் இருக்கும் பன்னிரண்டாம் மாவட்டத்துக்காரி. நிலக்கரிச் சுரங்க ஊர். குலுக்கலில் அவளுடைய 12 வயதுத் தங்கை ப்ரிம் பெயர் வந்துவிடுகிறது. 'அவளுக்குப் பதில் நான் போகிறேன்' என்று இவள் முன்னால் வருகிறாள். நாவல் 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளியானது. கெட்டுக் குட்டிச்சுவரான எதிர்காலத்தைச் சொல்லும் இந்த மாதிரிக் கதைகளுக்கு டிஸ்டோபியா என்று பெயர்.

எந்த வயதில் கொடுக்கலாம்?

என் கணக்கு எட்டாம் வகுப்பு. 13 வயது ஆகியிருந்தால் நல்லது. 12 வயதில் நிறையப் படிக்கிற பிள்ளை என்றால், பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கும்படி கொடுக்கலாம்.

இதில் நான் ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், நன்றாக வாசிப்பான், ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. அண்ணன்கள் படிக்கிறார்களே என்று கெஞ்சினான், கொடுத்துவிட்டேன். நாலு நாளில் அவன் அம்மா புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். ராத்திரி விளக்கை அணைக்க விடமாட்டேன் என்கிறானாம். திட்டவில்லை, 'நீங்கள் படித்துப் பார்த்தீர்களா?' என்று மட்டும் கேட்டார். படித்திருந்தேன், அதுதான் சங்கடம். வார்த்தைகளைப் படிக்கத் தெரிந்துவிட்டால் எதையும் கொடுக்கலாம் என்று நினைத்தது என் தப்பு. அதே பையன் மூன்று வருஷம் கழித்து அவனாகவே கேட்டு வாங்கிப்போய் ஒரே வாரத்தில் முடித்தான்.

பிள்ளைகளைப் பிள்ளைகள் கொல்லும் கதை. இதைப் போய் ஏன் பரிந்துரைக்கிறீர்கள்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன்.

பேரைப் பாருங்கள். ஹங்கர் என்றால் பசி. விளம்பரத்தில் வில்லும் அம்பும் தெரிகின்றன. புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் சாப்பாடு. என்ன கிடைத்தது, எவ்வளவு கிடைத்தது, யாருக்குப் பங்கு, யாருக்கு இல்லை. காட்னிஸ் வில் பழகியதே முயலும் அணிலும் அடித்து வீட்டில் உலை வைக்கத்தான். சண்டை ஆரம்பிப்பதற்கு முன்பே புத்தகத்தின் கணிசமான பகுதி கடந்துவிடும்.

இதில் தெஸ்ஸெரா என்று ஓர் ஏற்பாடு வருகிறது. பிள்ளைகளோடு படிக்கும்போது அந்த இடத்தில் நான் கட்டாயம் நிறுத்துவேன். குலுக்கலில் 12 வயதுக்காரர் பெயர் ஒரு சீட்டு. 13 ஆனால் இரண்டு. இப்படியே 18 வயதில் ஏழு. இது எல்லோருக்கும் பொது. ஆனால் வீட்டில் சோற்றுக்கு இல்லையென்றால், கூடுதலாக ஒரு சீட்டில் பெயர் எழுதிப் போட்டுக்கொண்டால் ஓர் ஆளுக்கு ஒரு வருஷத்துக்கான தானியமும் எண்ணெயும் அரைகுறை அளவில் தருவார்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை சீட்டு வரை போடலாம். போட்ட சீட்டு கழியாது, வருஷா வருஷம் சேர்ந்துகொண்டே போகும்.

காட்னிஸ் வீட்டில் அம்மா, தங்கை, அவள் என்று மூன்று பேர். ஆகவே 12 வயதில் அவள் பெயரில் நாலு சீட்டு. 16 வயதில் 20. அவளுடைய வேட்டைத் தோழன் கேல் வீட்டில் ஐந்து பேர். வருஷத்துக்கு ஆறு வீதம் ஏழு வருஷம், 18 வயதில் 42. இதைப் பிள்ளைகளையே நோட்டில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். கணக்கு வந்ததும் ஒன்பதாவது படிக்கும் பெண் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ பணக்கார வீட்டுப் பொண்ணுக்கு பதினாறு வயசுல அஞ்சே அஞ்சு சீட்டுதானா?" என்றாள். ஆமாம், அஞ்சுதான். ஊர்த் தலைவர் மகளைப் பார்த்து கேல் எரிச்சலோடு சொல்வதும் இதைத்தான். பிறகு அவனே யோசித்து, பசித்தவனும் பசிக்காதவனும் ஒருவரையொருவர் வெறுத்துக்கொண்டிருந்தால் கேப்பிட்டலுக்கு வசதி, அதற்குத்தான் இந்த ஏற்பாடு என்கிறான்.

ரேஷன் கடை வரிசையில் பையோடு நின்ற எந்த வீட்டுப் பிள்ளைக்கும் இது விளங்க இரண்டு நிமிஷம் போதும். அரிசிக்காக உயிரை அடகு வைக்கச் சொல்லும் அரசு எப்படி இருக்கும் என்று ஒரு பாடப்புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதை இந்த நாவல் ஒரு கூட்டல் கணக்கில் சொல்லிவிடுகிறது. வருஷமெல்லாம் இத்தனை சீட்டு சேர்ந்தும் கடைசியில் எடுபட்டது, தங்கை பெயரில் இருந்த ஒற்றைச் சீட்டு. அதனால்தான் கொடுக்கிறேன்.

எந்தெந்த இடம் கடுமையாக இருக்கும்? பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிந்தால் நல்லது.

(இன்னும் படிக்காத பிள்ளைகள் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடவும்.)

களம் திறந்த முதல் நாளே பதினோரு பேர் சாகிறார்கள். ஆனால் அது வேகமாக ஓடிவிடும். ஒரு சாவுக்கு ஒரு பீரங்கி வெடிக்கும்; அந்தச் சத்தத்தை எண்ணித்தான் நமக்கே தொகை தெரியும். ஆய்வகத்தில் விஷமேற்றி வளர்த்த குளவிகள் கொட்டி ஒரு பெண் சாகும் இடம் உடம்பைக் கூசவைக்கும். கடைசியில் விலங்குகளிடம் சிக்கிய ஒருவன் ராத்திரி முழுக்கச் சாகாமல் கிடப்பான். எனக்கே அந்த அத்தியாயம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்ற அபிப்பிராயம் உண்டு.

பிள்ளைகளை அழவைக்கும் இடம் வேறு. பதினோராம் மாவட்டத்திலிருந்து வந்த ரூ என்ற 12 வயதுச் சிறுமி, உருவ அளவிலும் நடந்துகொள்ளும் விதத்திலும் ப்ரிமை நினைவூட்டுவாள். அவள் சாகும்போது காட்னிஸ் பாட்டுப் பாடி, உடம்பைச் சுற்றிப் பூ வைக்கிறாள். கொஞ்ச நேரத்தில் வானத்திலிருந்து சின்னப் பாராசூட்டில் ஒரு ரொட்டி இறங்குகிறது. ரூவின் மாவட்டத்து ஏழைகள் காசு சேர்த்து அனுப்பியது. தங்கள் பிள்ளையைக் காப்பாற்ற முடியாதவர்கள், அதைப் பார்த்துக்கொண்டவளுக்கு ரொட்டி அனுப்புகிறார்கள். இந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு ஒரு பிள்ளை ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், சும்மா விடுங்கள்.

பாலியல் காட்சி முதல் புத்தகத்தில் இல்லை. ஹேமிட்ச் என்ற வழிகாட்டி பெரிய குடிகாரர். கெட்ட வார்த்தை இல்லையென்றே சொல்லலாம்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலம் கஷ்டமாக இருக்குமா?

நீங்கள் நினைக்கும் அளவுக்கு இருக்காது. வாக்கியங்கள் சின்னவை. கதை முழுக்க காட்னிஸே 'நான்' என்று நிகழ்காலத்தில் சொல்கிறாள். அடுத்த நிமிஷம் என்ன என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. காலின்ஸ் அதற்கு முன் குழந்தைகளுக்கான டிவி தொடர்களுக்கு எழுதியவர். ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு கொக்கியில் மாட்டித்தான் முடிப்பார்.

திணறவைப்பது நாலைந்து சொற்கள்தான். அவற்றை முதலிலேயே தமிழில் சொல்லிவிட்டால் போதும். குலுக்கல் நாளுக்குப் பெயர் 'ரீப்பிங்', அதாவது அறுவடை. அறுப்பது பயிரை அல்ல. களத்துக்கு அனுப்பப்படும் பிள்ளைகளுக்கு 'ட்ரிப்யூட்' என்று பெயர். பாராட்டு என்ற பொருள் மட்டும் தெரிந்த பிள்ளைகள் குழம்புவார்கள். நமக்கு இதற்கு அருமையான பழைய சொல் இருக்கிறது: திறை. தோற்ற மன்னன் வென்றவனுக்குச் செலுத்துவது. 'பிள்ளைகளையே திறையாகக் கட்டுகிறார்கள்' என்று சொன்னதும் மாடியில் எல்லோருக்கும் பளிச்சென்று பிடிபட்டது.

நாட்டின் பெயரே லத்தீன். பானெம் என்றால் ரொட்டி. ரோமாபுரிக் கவிஞர் ஜுவெனல், மக்கள் இப்போது கேட்பது ரொட்டியும் கேளிக்கையும் மட்டும்தான் என்று நையாண்டி செய்தார்; அந்தத் தொடரின் முதல் சொல். காட்னிஸ் என்பது தண்ணீரில் வளரும் ஒரு செடி, அதன் கிழங்கைச் சாப்பிடலாம். அந்தச் செடியின் பெயர்தான் அவளுக்கு. பெயரிலும் சாப்பாடு!

என் பையன் புத்தகத்தையே தொடமாட்டான். அவனுக்கு?

முதல் அத்தியாயத்தை நீங்கள் சத்தமாக வாசியுங்கள். இருபது பக்கம் சொச்சம்தான். குலுக்கல் மேடையில் சீட்டை எடுத்துப் பிரித்து ப்ரிமின் பெயரைப் படிப்பதோடு அத்தியாயம் முடியும். அங்கே நிறுத்திவிட்டு, புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, காபி போடப் போய்விடுங்கள். 'படி' என்று சொல்ல வேண்டாம்.

பெண் நாயகி என்றால் பையன்கள் படிப்பார்களா?

படிப்பார்கள். மாடியில் இதுவரை எந்தப் பையனும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. கேட்பது அப்பாக்கள்தான்.

படம் பார்த்தாயிற்று, புத்தகமும் வேண்டுமா?

2012-இல் வந்த படம் மோசமில்லை. ஜெனிஃபர் லாரன்ஸ் நன்றாகவே செய்திருக்கிறார். ஆனால் படத்தில் காட்னிஸ் தலைக்குள் என்ன ஓடுகிறது என்பது போய்விடுகிறது, கதையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

ஓர் உதாரணம். களத்தில் முதல் நாட்கள், தண்ணீர் கிடைக்காமல் காட்னிஸ் துவண்டு கிடக்கிறாள். வெளியே இருக்கும் ஹேமிட்ச் நினைத்தால் ஆதரவாளர் பணத்தில் தண்ணீர் அனுப்பலாம். அனுப்பவில்லை. ஏன்? முதலில் கோபம் வருகிறது. அப்புறம் யோசிக்கிறாள்: அவர் அனுப்பாததே ஒரு சேதியோ? தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது, எழுந்து நட என்கிறாரோ? அனுப்பாத பொருளில் ஒரு கடிதத்தைப் படிக்கிறாள். இதைக் கேமரா எப்படிக் காட்டும்?

சில மாற்றங்களும் உண்டு. புத்தகத்தில் பறவைச் சின்னம் பொறித்த ஊக்கை ஊர்த் தலைவரின் மகள் கொடுக்கிறாள். படத்தில் அந்தப் பெண்ணே இல்லை, சந்தையில் கிடைத்ததாக வரும். வசதியான வீட்டுப் பெண்ணுக்கும் காட்னிஸுக்கும் நடுவில் இருந்த அந்த மெல்லிய இழை அறுந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான்.

காதல் கதையா?

பீட்டா, காட்னிஸோடு அதே மாவட்டத்திலிருந்து களத்துக்குப் போகும் பையன். 'பீட்டாவா, கேலா?' என்று பிள்ளைகள் கட்சி கட்டுவார்கள். கட்டட்டும். ஆனால் முதல் புத்தகத்தில் நடப்பது அதைவிடச் சுவாரசியமானது. கேமரா முன்னால் காதலிப்பதாகக் காட்டிக்கொண்டால் பார்வையாளர்கள் உருகுவார்கள், உருகினால் மருந்தும் சாப்பாடும் அனுப்புவார்கள். ஒரு முத்தத்துக்கு ஒரு பாத்திரம் சூப். அதில் எது நிஜம், எது நடிப்பு என்று அவளுக்கே குழப்பம். ரீல்ஸ் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பீட்டா யார் என்பதற்கும் ஒரு ரொட்டிதான் சாட்சி. சுரங்க வெடிப்பில் அப்பா இறந்து, வீட்டில் பட்டினி. மழையில் ரொட்டிக்கடைக்குப் பின்னால் 11 வயதுக் காட்னிஸ் சுருண்டு கிடக்கிறாள். கடைக்காரர் மகன் ரொட்டியை அடுப்பில் கருகவிடுகிறான், அம்மாவிடம் அறை வாங்குகிறான், பன்றிக்குப் போடச் சொன்னதை இவள் பக்கம் எறிகிறான். ஒரு பேச்சு இல்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் கன்னம் வீங்கியிருக்கிறது. வேண்டுமென்றே கருகவிட்டானா? அதைக் கேட்க அவளுக்கு வருஷக்கணக்காக வாய் வரவில்லை. இந்தக் காட்சிக்காகவே இன்னொரு முறை படிக்கலாம்.

இந்தப் புத்தகத்துக்கு அமெரிக்காவில் எதிர்ப்பு இருந்ததாமே?

இருந்தது. நூலகங்களிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் எடுக்கச் சொல்லி அதிகம் புகார் வந்த புத்தகங்களின் பட்டியலை அமெரிக்க நூலகச் சங்கம் வருஷந்தோறும் வெளியிடுகிறது. 2010, 2011, 2013 ஆகிய ஆண்டுகளில் முதல் பத்தில் இதுவும் இருந்தது. வன்முறை என்ற காரணம் புரிகிறது. 2011-இல் சொன்ன காரணங்களில் 'குடும்பத்துக்கு எதிரானது' என்பதும் ஒன்று. தங்கைக்காகச் சாகப் போகிறவள் கதைக்கு! புகார் கொடுத்தவர் எத்தனை பக்கம் படித்தாரோ.

ஜப்பானியக் கதையின் காப்பி என்கிறார்களே?

1999-இல் கோஷுன் தகாமி எழுதிய 'பேட்டில் ராயல்' நாவலில் ஒரு வகுப்பு மாணவர்கள் 42 பேரை ஒரு தீவில் விட்டு ஒருவரையொருவர் கொல்லவைக்கிறார்கள். ஒற்றுமை கண்ணுக்குத் தெரிகிறது. தன் புத்தகத்தை எழுதி முடித்துக் கொடுக்கும்வரை அதைக் கேள்விப்பட்டதில்லை என்று காலின்ஸ் சொல்லியிருக்கிறார். அது ரத்தம் கூடுதலான புத்தகம். பிளஸ் ஒன்னுக்குக் கீழே நான் கொடுப்பதில்லை.

காலின்ஸ் தன் ஊற்றாகச் சொல்வது இரண்டு. ஒன்று, ஏதென்ஸ் நகரம் ஏழு இளைஞர்களையும் ஏழு இளம்பெண்களையும் கிரீட் தீவில் இருந்த காளைத்தலை அரக்கனுக்கு அனுப்பிய கிரேக்கக் கதை. இன்னொன்று, ஒரு ராத்திரி டிவி சேனல்களை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒன்றில் இளைஞர்கள் போட்டியிடும் ரியாலிட்டி ஷோ, அடுத்ததில் இராக் போர்க் காட்சி. அசதியில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்தது. அவருடைய அப்பா விமானப்படை அதிகாரி, வியட்நாம் போய் வந்தவர்.

நமக்கு இந்தக் கதை புதிதில்லை என்று பிள்ளைகளிடம் சொல்வேன். ஏகசக்கர நகரத்தில் பகாசுரனுக்கு முறைவைத்து ஒரு வண்டிச் சோறும் ஓர் ஆளும் அனுப்பினார்களே? முறை வந்த வீட்டில் 'நான் போகிறேன், நான் போகிறேன்' என்று ஆளாளுக்கு முன்வந்தார்களே? என்ன வித்தியாசம் என்றால், அங்கே பீமன் இருந்தான்.

நிஜ உலகில் இந்தப் புத்தகம் எதையாவது அசைத்ததா?

இதைச் சொன்னால் பெரிய பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். பன்னிரண்டாம் மாவட்டத்தில் ஒரு பழைய சைகை: இடது கையின் நடு மூன்று விரல்களை உதட்டில் தொட்டு நீட்டுவது. நன்றி, மதிப்பு, பிரியமானவருக்கு விடைகொடுப்பது எல்லாம் அதற்குப் பொருள். சாவு வீட்டில்தான் எப்போதாவது பார்க்கலாம் என்கிறாள் காட்னிஸ். 2014-இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் மக்கள் தெருவில் இறங்கி மூன்று விரலை உயர்த்தினார்கள். அந்த வருஷக் கடைசியில் பிரதமர் முன்னாலேயே விரலைக் காட்டிய மாணவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 2021-இல் மியான்மரில் ராணுவ ஆட்சி வந்தபோதும் அதே மூன்று விரல்கள்.

தொடரில் மொத்தம் ஐந்து புத்தகம் இருக்கிறதே, எந்த வரிசையில்?

வெளிவந்த வரிசையிலேயே போங்கள். 'தி ஹங்கர் கேம்ஸ்' 2008, 'கேட்சிங் ஃபயர்' 2009, 'மாக்கிங்ஜே' 2010. அதற்கப்புறம் வந்த 2020, 2025 புத்தகங்கள் காட்னிஸ் காலத்துக்கு முந்தைய கதைகள். கதைக்காலப்படி படிக்கிறேன் என்று 2020 புத்தகத்தில் ஆரம்பித்த பையன் ஒருவன் பாதியில் விட்டுவிட்டான். வில்லனின் இளமைக் கதை அது. அவன் பின்னால் யாராகப் போகிறான் என்று தெரிந்தால்தான் அதில் நடுக்கம்.

மூன்றாவது புத்தகம் ஆட்டம் இல்லை, போர். சித்திரவதையும் மனம் உடைவதும் அதிகம், நடையும் சில இடத்தில் இழுக்கும். இரண்டாவது முடிந்ததும் ஆறு மாதம் இடைவெளி விட்டாலும் நஷ்டமில்லை. முதல் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு நிறுத்தினாலும் சரி.

படித்து முடித்த பிள்ளையிடம் என்ன கேட்பது?

'என்ன கருத்து?' என்று மட்டும் கேட்காதீர்கள். பரீட்சை வாசனை வந்துவிடும். 'நீயாக இருந்தால் தெஸ்ஸெரா வாங்கியிருப்பாயா?' என்று ஒருமுறை கேட்டேன். மாடியில் சண்டையே வந்தது. ஒருவன் 'தங்கச்சி சாப்பிடட்டும், நான் எழுதிப் போடுவேன்' என்றான். அவன் தங்கை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். "நீ எழுதிப் போட்ட சாப்பாட்டை நான் எப்படிடா சாப்பிடுவேன்?" என்றாள்.

மொத்த செட்டாக வாங்கிவிடலாமா?

வேண்டாம். முதல் புத்தகம் மட்டும், முடிந்தால் பழைய புத்தகக் கடையில். பள்ளி நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். பிள்ளை முடித்துவிட்டு அடுத்தது எங்கே என்று வந்து நின்றால் அன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம்.